அரைமணி நேரம் கை வைக்கக் கூடாது

அத்தியாயம் 14

மீனா போனைக் கையில் எடுத்தாள் என்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். யாருக்குப் போட்டாள் என்று ஏழெட்டுப் பேர் கேட்டு எழுதிவிட்டீர்கள். முத்திருளனுக்குத்தான் போட்டாள். வேறு யாருக்குப் போட்டிருந்தாலும் வீட்டில் இவ்வளவு வம்பு வந்திருக்காது.

முத்திருளன் அவளுடைய நாத்தனார் தங்கப்பொண்ணின் புருஷன். அவனியாபுரத்தில் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். மீனாவின் புருஷன் அழகுபாண்டியும் அவனும் பேசிப் பதினோரு மாதம் ஆகிறது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வில்லாபுரத்தில் அழகுபாண்டிக்கு ஐஸ்கிரீம், கூல்டிரிங்ஸ் கடை. போன சித்திரையில், நல்ல வியாபார நாளில், ஃபிரீசர் உறைந்துபோய்ச் சரக்கெல்லாம் கூழாகிவிட்டது. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் முத்திருளன் அதில் ஹீட்டர் மாற்றியிருந்தான். அழகுபாண்டி எதிரே இருக்கிற டீக்கடை முன்னால் நின்று, தெருவே கேட்க, தன் தங்கச்சி புருஷன் பழைய சாமானைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று கத்தினான்.

கத்தியது ஐந்து நிமிஷம். அதன் பலனை இரண்டு குடும்பமும் இன்றுவரை அனுபவிக்கின்றன.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முத்திருளனின் மகள், இரண்டு வயது செல்லத்தாய்க்கு வாடிப்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். அந்தத் தாய்மாமன் வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை. அழகுபாண்டி அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் நாலு நாளாகச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறான். தன் அம்மாவின் பெயரை வைத்த பிள்ளை வேறு ஒருத்தன் மடியில் உட்காரப் போகிறதே என்று அவனுக்கு உள்ளுக்குள் வேகிறது.

இது மீனாவுக்குத் தெரியாதா என்ன?

வியாழக்கிழமை காலை ஃபிரீசர் அவளுக்கு ஒரு சாக்குக் கொடுத்தது. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்கிய புதுப்பெட்டி அது. ஆள் உயரம், கண்ணாடிக் கதவு, மேலே குளிரைக் காட்டும் நம்பர். மைனஸ் பதினெட்டில் நிற்க வேண்டிய நம்பர் மைனஸ் நாலில் நின்றது. பழையதற்கு வந்த அதே சீக்கு. இதுவரை மூன்று மெக்கானிக்குகள் வந்து, வெந்நீர் ஊற்றி ஐஸை உருக்கிவிட்டுப் போனார்கள். பத்து நாளில் திரும்பவும் உறைந்தது.

அழகுபாண்டி சரக்கு எடுக்கக் கீழவாசல் பக்கம் போயிருந்தான். முத்திருளன் பத்து மணிக்கு வந்தான். வந்தவன் கடைக்குள் ஏறவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி வாசலிலேயே நின்றான்.

"மச்சான் இருக்காரா?"

"இல்லண்ணே. பதினோரு மணி ஆகும்."

"அப்ப அதுக்குள்ள முடிச்சிட்டுக் கெளம்பிடுறேன் தங்கச்சி" என்று செருப்பைக் கழற்றினான். அவர் இருந்தால்தான் நல்லது என்று மீனா நினைத்தாள். டீ போடப் போனாள்.

முத்திருளன் பெட்டிக்குள் இருந்த பின் தகட்டைத் திருகிக் கழற்றினான். உள்ளே குளிர் தருகிற குழாயும் அதைச் சுற்றிய தகடுகளும் இருக்க வேண்டிய இடத்தில், சுவர் மாதிரி வெள்ளையாக ஐஸ் நின்றது. காற்று போக ஒரு விரல்கூட இடம் இல்லை.

டீயோடு வந்த மீனாவுக்கு அவன் பொறுமையாகச் சொன்னான். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே போகிறது. அதில் உள்ள ஈரம் இந்தத் தகடுகளில் பனியாகப் படியும். அதனால் பெட்டி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தன் ஓட்டத்தைத் தானே நிறுத்திக்கொண்டு, உள்ளே இருக்கிற ஹீட்டரைச் சூடாக்கி, அந்தப் பனியைக் கரைத்து, கீழே தட்டில் வடித்துவிட்டு, மறுபடி ஓடும். அந்தக் கரைக்கிற வேலை இந்தப் பெட்டியில் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தான். மீட்டரை வைத்து ஹீட்டரைச் சோதித்தான். உயிரோடு இருந்தது. சூட்டை அளக்கிற சென்சார் சரியாக இருந்தது. ஃபேன் சுற்றியது. தண்ணீர் வடிகிற ஓட்டையில் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றினான். கீழே தட்டில் ஒழுங்காக வந்து விழுந்தது. நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துக் கதவு ரப்பரின் இடுக்கில் வைத்து மூடி இழுத்தான். தாள் வரவில்லை, கிழிந்தது. அப்படியானால் கதவும் நன்றாகவே மூடுகிறது.

"ஒரு கொறையும் இல்ல" என்றான். சொல்லும்போது அவனுக்குக் கோபம் வந்தது. குறை இருந்தால் மாற்றிவிட்டுப் போகலாம். எல்லாம் நன்றாக இருக்கிற பெட்டி எதற்காக உறைகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் போனால் இந்தத் தெருவில் இன்னொரு முறை தன் பெயர் கெடும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

இது எப்போதாவது நன்றாக ஓடியதா என்று கேட்டான். மீனா யோசித்தாள். சிவராத்திரி சமயம் ஓடியது என்றாள். இவர் குலசாமி கும்பிட மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தார், போகும்போது மைனஸ் எட்டில் நின்ற நம்பர் மறுநாளே மைனஸ் பதினெட்டுக்கு இறங்கி, அவர் வரும்வரை நன்றாக இருந்தது.

"அப்ப கடையில யாரு?"

"நான் ஒருத்திதான்."

முத்திருளன் ஃபிரீசரை ஒட்டிப் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலைப் பார்த்தான். அதில் யார் படுப்பது என்று கேட்டான்.

அதை ஏன் கேட்கிறீர்கள் என்று மீனா ஆரம்பித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய பெட்டி ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோய், விடிந்து பார்த்தால் சரக்கு மொத்தமும் போயிருந்தது அல்லவா, அதிலிருந்து அழகுபாண்டிக்குக் கடையில்தான் படுக்கை. பக்கத்தில் பொண்டாட்டி இருமினால் திரும்பிப் படுக்கிற மனுஷன், பெட்டியின் சத்தம் நின்றால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவானாம்.

முத்திருளன் தலையை ஆட்டிக்கொண்டான். கரைக்கிற வேலையைக் கையாலேயே தொடங்கிப் பார்ப்போம் என்று மேலே இருந்த பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தான். பெட்டியின் இரைச்சல் நின்றது. கடையில் அதுவரை இருந்ததே தெரியாத சத்தம், நின்றபிறகுதான் தெரிந்தது. நம்பர் மைனஸ் நாலிலிருந்து மைனஸ் மூன்றுக்கு ஏறியது.

அந்த நேரம் பார்த்து அழகுபாண்டி வந்து சேர்ந்தான். மணி பத்து ஐம்பது.

தலையில் பிஸ்கட் பெட்டி. வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்ததுமே அவனுக்கு யார் என்று தெரிந்துவிட்டது. பதினோரு மாதமாக இந்த நிமிஷத்துக்கு என்னென்னவோ வசனம் யோசித்து வைத்திருந்தான். இப்போது பிஸ்கட் பெட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டான். முத்திருளனும் திருப்புளியோடு அப்படியே நின்றான்.

அப்போது அழகுபாண்டியின் காதில் விழுந்தது, பெட்டியில் சத்தம் இல்லை என்பது.

பிஸ்கட் பெட்டியைக் கீழே வைத்தான். இரண்டே எட்டு. கை தானாக ஸ்டெபிலைசருக்குப் போனது. சுவிட்சை அணைத்தான். உதட்டுக்குள் ஐந்துவரை எண்ணினான். போட்டான். கொஞ்ச நேரத்தில் பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அழகுபாண்டியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

முத்திருளன் திருப்புளியைப் பைக்குள் போட்டான்.

"தங்கச்சி, மச்சான் இப்ப என்ன செஞ்சாருன்னு கேளு."

மீனா கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்றடி தூரத்தில்தான் நின்றார்கள். ஆனாலும் அழகுபாண்டி மீனாவைப் பார்த்தே பதில் சொன்னான். "நின்னுபோச்சுல்ல, எழுப்பி விட்டேன். நான் மட்டும் கூடவே இருந்து பாக்கலேன்னா இந்தப் பெட்டி எப்பவோ மண்டையப் போட்டிருக்கும்னு சொல்லு."

"எம்புட்டு நாளா இப்படி எழுப்புறாராம்?"

"பழைய பெட்டியிலேருந்தே பழக்கம். அது ஒருக்கா நின்னு கெடுத்துச்சுல்ல, அதுக்கப்புறம் ஒரு நாளு நான் விட்டதில்ல. பகல்ல ரெண்டு தடவ நிக்கும். ராத்திரி ஒரு தடவயாச்சும் எந்திரிச்சுப் போட்டு விடுவேன்."

இதைச் சொல்லும்போது அவனுக்குப் பெருமை. தன் கடைக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவன் என்ற பெருமை. முத்திருளன் கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பதா, எழுந்து போய்விடுவதா என்று அவனுக்கு விளங்கவில்லை.

பிறகு மீனாவை விட்டுவிட்டு நேராகவே பேசினான்.

"அது நிக்கல மச்சான். ஐஸைக் கரைக்குது. கரைச்சு முடிக்க அரைமணி நேரம் வேணும். நீங்க அஞ்சு நிமிசத்துல அணைச்சுப் போட்டுடுறீங்க. பெட்டிய நடத்துற போர்டு எல்லாத்தையும் மறந்துட்டு, முதல்லேருந்து ஆறு மணி நேரம் ஓட்டுது. அதுல இன்னும் கொஞ்சம் ஐஸ். அப்புறம் நிக்குது, மறுபடி நீங்க எழுப்புறீங்க."

அழகுபாண்டி நம்பவில்லை. அவன் லேசில் நம்புகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அப்படியென்றால் நம்பர் ஏன் ஏறுகிறது என்று கேட்டான். உள்ளே ஹீட்டர் எரிந்தால் ஏறத்தான் செய்யும் என்றான் இவன். மூன்று மெக்கானிக் வந்தார்களே, ஒருத்தனும் சொல்லவில்லையே என்றான் அவன். நீங்கள் அவர்களிடம் இந்தச் சுவிட்சைப் பற்றிச் சொன்னீர்களா என்று இவன் கேட்டான். தூங்கி எழுந்ததும் கண்ணைத் தேய்ப்பதை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா? சொல்லவில்லை.

வாதம் வேண்டாம், பார்த்துவிடுவோம் என்று முடிவானது. பக்கத்துக் கறிக்கடை பாதுஷா பாயின் பெட்டியில் இடம் கேட்டு, ஐஸ்கிரீமையெல்லாம் மீனா தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். முத்திருளன் மறுபடி பட்டனை அழுத்தினான். சத்தம் நின்றது.

"அரைமணி நேரம் மச்சான். கை மட்டும் வைக்காதீங்க."

அந்த அரைமணி நேரம் அழகுபாண்டி பட்ட பாட்டை எழுதினால் தனி அத்தியாயம் ஆகும். மைனஸ் இரண்டு. மைனஸ் ஒன்று. பூஜ்யம். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கட்டிய கையை அவிழ்த்துத் தலையைச் சொறிந்தான். தெருவுக்குப் போனான், திரும்பி வந்தான். மூன்று. ஐந்து. அவனுடைய வலது கை இரண்டு தடவை தானாக எழுந்தது. மீனா போய் ஸ்டெபிலைசருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"தள்ளு மீனா. சும்மா பாக்கத்தான்."

"பாத்தது போதும், உக்காருங்க."

உட்கார்ந்தான். வேறு இடம் இல்லாததால் கட்டிலில், முத்திருளனுக்குப் பக்கத்தில். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். இருவரும் நம்பரையே பார்த்தார்கள்.

முதலில் ஒரு விரிசல் சத்தம் கேட்டது. பிறகு கீழே தட்டில் சொட்டு விழுந்தது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாதபடி விழுந்தது. ஐஸ் சுவரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாளம் வழுக்கி இறங்கியது. அழகுபாண்டி எழுந்து போய்க் குனிந்து பார்த்தான். தகடுகளின் வெள்ளி நிறம் ஓரத்தில் தெரிந்தது.

நேரம் முடிந்ததும் யாரும் தொடாமல் பெட்டி தானே ஓடத் தொடங்கியது. இரண்டு வருஷத்தில் அவன் இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்க விட்டதில்லை.

பல நாள் ஐஸ் என்பதால் ஒரு தடவையில் தீரவில்லை. முத்திருளன் இன்னும் இரண்டு முறை பட்டனை அழுத்த வேண்டியிருந்தது. ஒரு மணிக்கெல்லாம் தகடுகள் பளிச்சென்று நின்றன. தகட்டைத் திருகி மூடினான். நம்பர் கீழே இறங்கிக்கொண்டே போனது. மீனா இருந்த சந்தோஷத்தில் இருவருக்கும் டீ போட்டாள்.

அழகுபாண்டி டீயைத் தொடவில்லை. அவன் மனசு வேறு எங்கோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான்.

"அப்ப, அந்தப் பழைய பெட்டி?"

முத்திருளன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னான்.

"அதுலயும் இதே மாதிரி போர்டுதான் மச்சான். நான் போட்டது புது ஹீட்டரு."

அவ்வளவுதான் சொன்னான். அழகுபாண்டிக்குக் காது இரண்டும் சுட்டது. பதினோரு மாதம். தங்கச்சி வாசல்படி மிதிக்கவில்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டு போகவில்லை. பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டது, மாமா என்று அது சொல்லி அவன் கேட்கவில்லை. எல்லாம் அவன் கையாலேயே, அவனே அணைத்து அணைத்துப் போட்டதால். வெட்கமாக இருந்தது. இவ்வளவு வயதுக்கு அப்புறம் இப்படி வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் மாப்ள."

மாப்ள என்ற சொல்லைக் கேட்டு மீனா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். முத்திருளன் இளகிவிடுவான் என்று நினைத்தாள். அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"இங்க மூணு பேருதான் மச்சான் இருக்கோம். அன்னைக்குத் தெருவே கேட்டுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அன்று மாலையே இந்தத் தெருவில் நான்கு வீட்டில் அவனுக்கு வர வேண்டிய வேலை நின்றது. அவனியாபுரத்தில் ஸ்பேர் சாமான் கடைக்காரனே ஒருநாள் சிரித்துக்கொண்டு, பழையது ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். தங்கப்பொண்ணு அண்ணன் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றது அதற்குப் பிறகுதான்.

அழகுபாண்டி எழுந்தான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். தெருவைக் குறுக்கே தாண்டினான்.

மீனா மறுபடி போனை எடுத்தாள். இந்தத் தடவை யாரைக் கூப்பிட்டாள் என்று உங்களைக் காக்க வைக்கப் போவதில்லை. தங்கப்பொண்ணைத்தான் கூப்பிட்டாள். அவள் எடுத்ததும், "ஒண்ணும் பேசாத. கேட்டுக்கிட்டு மட்டும் இரு" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி புருஷன் பின்னாலேயே ஓடினாள்.

டீக்கடை மத்தியான நேரத்துக் கூட்டத்தோடு இருந்தது. ஷேர் ஆட்டோ டிரைவர்கள், பட்டறை ஆட்கள், பத்துப் பதினைந்து பேர். டீ மாஸ்டர் சின்னான் ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். அழகுபாண்டி பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றான். கத்துவதற்கு அன்றைக்கு வந்த குரல் இன்று பாதிதான் வந்தது.

"ஒரு நிமிசம் கேளுங்க. போன சித்திரையில இதே எடத்துல நின்னு, எம் மாப்ள பழைய சாமானப் போட்டு ஏமாத்திட்டாருன்னு சொன்னேன். அது பொய்யி. அவரு போட்டது புது சாமான். வேல சுத்தமான வேல. கெடுத்தது நானு. என் கையிதான் கெடுத்துச்சு."

பாதிப் பேருக்கு அன்றைக்கு நடந்ததே மறந்துபோயிருந்தது. ஒரு டிரைவர், அதைச் சொல்ல இம்புட்டு நாளா என்று கேட்டான். இன்றைக்குத்தான் தெரிந்தது என்றான் அழகுபாண்டி. பட்டறைக்காரர் ஒருவர், அந்த மெக்கானிக் நம்பர் இருந்தால் கொடுங்கள், வீட்டில் ஃபிரிட்ஜ் இரண்டு மாதமாகப் படுத்துகிறது என்றார். எதிரே கடைவாசலில் நின்ற முத்திருளனைச் சின்னான் கையால் காட்டி, அதோ நிற்கிறாரே என்றான். பட்டறைக்காரர் டீ கிளாஸோடு எழுந்து அவனிடம் போனார்.

முத்திருளன் தன் நம்பரைச் சொல்லும்போது நடுவில் ஒரு எண் தடுமாறியது. திரும்பவும் முதலிலிருந்து சொன்னான்.

மீனா போனைப் புருஷனிடம் நீட்டினாள். அழகுபாண்டி திரையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டுக் காதில் வைத்தான்.

"தங்கம்" என்றான்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு தங்கப்பொண்ணு பேசினாள். எல்லாம் கேட்டது என்றாள். ஆனால் காரியம் கை மீறிவிட்டது என்றாள். வாடிப்பட்டியில் பெரியப்பா மகன் கருத்தக்கண்ணனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளை உங்கள் மடியில்தான் என்று நாலு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. வைத்த வெற்றிலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவள் வாயால் கேட்க மாட்டாள்.

கருத்தக்கண்ணனுக்கும் அழகுபாண்டிக்கும் வயல் வாய்க்கால் தகராறில் ஆறு வருஷமாக ஆகாது என்பதை முன்பே ஒரு அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்.

"நீ கேக்க வேணாம் தாயி. நான் போயிக் கேக்குறேன்."

"அவரு மாட்டேன்னு சொல்லிட்டா?"

அழகுபாண்டி எதிரே தன் கடையைப் பார்த்தான். அங்கே முத்திருளன் பையைக் கீழே வைத்துவிட்டுப் பட்டறைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான்.

"சொன்னா என்ன. பந்தியில எச்சி எலை எடுக்கவாச்சும் வாரேன்."

மீனா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாய்மாமன் எலை எடுத்தா எம் பிள்ளைக்கு என்னண்ணே மரியாதை?" என்று தங்கப்பொண்ணு அழுதுகொண்டே அதட்டினாள். "நாளைக்கு வெள்ளனயே கெளம்பி வாடிப்பட்டி போ. அவரு காலத் தொட்டுக் கேட்டாலும் சரி, மடிய வாங்கிட்டு வா."

அண்ணே என்று அவள் கூப்பிட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அழகுபாண்டி போனை மீனாவிடம் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். பிறகு சின்னானிடம் திரும்பி, காலையில் வாடிப்பட்டிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.